எச்சில் தொட்ட கை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் சந்திப்பு விழாவில் ஆற்றிய உரை. கட்டுரையாளர் ஓய்வு பெற்ற பல் மருத்துவர், 1971-72 பி.யூ.சி. அணி.)



விழாக் குழுவினர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'முதுமையில் பல் பாதுகாப்பு'. ஹாலைச் சுற்றிப் பார்த்தேன். பாதுகாப்பதற்கு இங்கே பாதிப் பேரிடம் பல் இல்லை. மீதிப் பேரிடம் இருப்பது நான் கட்டிக் கொடுத்தது. அதனால் அந்தத் தலைப்புக்குக் கடைசியில் 2 நிமிஷம் ஒதுக்குகிறேன். மற்ற நேரத்தில் 50 வருஷமாக மனசில் கிடந்த ஒரு விஷயத்தைச் சொல்ல அனுமதி வேண்டும்.

நான் உறையூர்க்காரன் என்பது உங்களுக்குத் தெரியும். என் அப்பா சுருட்டு சுற்றும் தொழிலாளி. திருச்சி சுருட்டு என்றால் அந்தக் காலத்தில் உலகப் புகழ். 1887-ல் கானன் டாயில் எழுதிய முதல் ஷெர்லக் ஹோம்ஸ் கதையிலேயே, தரையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்து 'இது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு' என்று துப்பறிவாளர் கண்டுபிடிக்கிறார். லண்டனில் சாம்பலுக்குக்கூட எங்கள் ஊர்ப் பெயர் இருந்தது. சுற்றிய கைக்குத்தான் பெயர் கிடையாது.

அப்பா சுருட்டைச் சுற்றியதோடு நிற்கவில்லை, குடிக்கவும் செய்தார். கடைவாய்ப் பக்கம் கன்னத்தின் உள்ளே வெள்ளையாக ஒரு தடிப்பு. அப்புறம் ஒரு புண். 'பல்லு குத்துது, அதான்' என்றார். எங்களுக்குத் தெரிந்த பல் வைத்தியர் நடைபாதையில் ஜமக்காளம் விரித்து, பிடுங்கிய பற்களை விளம்பரம் மாதிரி குவித்து வைத்திருந்த ஆள்தான். அவர் இரண்டு பல்லைப் பிடுங்கினார். புண் ஆறவில்லை. ஆறாது. ஏனென்றால் அது பல் நோயே இல்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனபோது 8 மாசம் கடந்துவிட்டது. 1969-ல் அப்பா போய்விட்டார். எனக்கு அப்போது வயசு 14.

இதை அனுதாபத்துக்காகச் சொல்லவில்லை. அந்த 8 மாசத்தில் ஒரு படித்த ஆள், ஒரே ஒரு ஆள், வாயைத் திறந்து பார்த்திருந்தால் போதும் என்பதற்காகச் சொல்கிறேன். பார்க்கவில்லை. எங்கள் தெருவில் அப்படிப் படித்த ஆள் இல்லை. படித்த ஆள் இருந்த தெருவுக்கு நாங்கள் போகவில்லை.

இப்போது ஸீட் விஷயத்துக்கு வருகிறேன். பல பேர் நிமிர்ந்து உட்காருவது தெரிகிறது.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய சென்னை மாகாணத்தில் மருத்துவ, எஞ்சினீயரிங் கல்லூரி இடங்களை வகுப்புவாரியாகப் பிரித்தார்கள். 14 இடம் என்றால் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் மற்றும் இந்தியக் கிறிஸ்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. இதுதான் கம்யூனல் ஜி.ஓ. 1951-ல் செண்பகம் துரைராஜன் வழக்கில் சுப்ரீம் கோர்ட் இது செல்லாது என்றது. தமிழ்நாட்டில் பெரிய கிளர்ச்சி. அதே வருஷம் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்து, 15(4) என்ற பிரிவு சேர்ந்தது. சமூக ரீதியாகவும் கல்வி ரீதியாகவும் பின்தங்கியவர்களுக்குத் தனி ஏற்பாடு செய்யலாம் என்று அதில் இருக்கிறது. இந்தியாவுக்கே பொருந்துகிற அந்தப் பிரிவு, சென்னை மாகாணத்து மெடிக்கல் ஸீட்டும் எஞ்சினீயரிங் ஸீட்டும் கிளப்பிய சண்டையில் பிறந்தது.

1953-ல் சென்னை மருத்துவக் கல்லூரியின் ஒரு பிரிவாகப் பல் மருத்துவப் படிப்பு ஆரம்பமானது. அதுதான் பிற்பாடு தனிக் கல்லூரி ஆயிற்று. 1980-ல் சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கும்வரை தமிழ்நாடு முழுவதற்கும் அது ஒன்றுதான். கன்னியாகுமரியில் பல் வலித்தாலும், தர்மபுரியில் பல் வலித்தாலும், டாக்டர் அந்த ஒரு வாசல் வழியாகத்தான் வெளியே வர வேண்டும்.

வாசலில் யார் நிற்பது என்பதிலும் ஓயாத சண்டை. மாவட்டவாரியாக மெடிக்கல் ஸீட் ஒதுக்கியதை ராஜேந்திரன் வழக்கில் 1968-ல் சுப்ரீம் கோர்ட் தள்ளியது. பெரியகருப்பன் வழக்கில் 1970-ல் இண்டர்வியூ மார்க் போட்ட விதத்தையும், யூனிட் யூனிட்டாகப் பிரித்து ஆள் எடுத்ததையும் கோர்ட் கண்டித்தது. சட்டநாதன் கமிஷன் அறிக்கைக்குப் பிறகு 1971-ல் பிற்படுத்தப்பட்டோருக்கு 25 சதவீதம் 31 ஆயிற்று. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கு 16 சதவீதம் 18 ஆயிற்று. மறு வருஷம் நான் அப்ளிகேஷன் போட்டேன். அந்த 31-க்குள் நான் வந்தேன்.

நம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஸ்ரீரங்கத்துக்காரன். இன்றைக்கு முன் வரிசையில்தான் இருக்கிறான். பெயர் சொல்ல மாட்டேன். சொல்லாமலே பாதிப் பேர் திரும்பிப் பார்த்துவிட்டீர்கள். அவனுக்கும் டாக்டர் ஆசை. பி.யூ.சி.யில் என்னைவிட 11 மார்க் ஜாஸ்தி. அவனுக்குக் கார்டு வரவில்லை. எனக்கு வந்தது. நான் மெட்ராஸ் ரயில் ஏறின ராத்திரி, ஜங்ஷனுக்கு அவன் வந்திருந்தான். அவனுடைய ஜுவாலஜி நோட்டை, அத்தனை படத்தையும் கலர் பென்சிலில் போட்டிருப்பான், என் பையில் வைத்தான். வண்டி நகரும்போது சிரித்துக்கொண்டே கேட்டான்: 'ஏண்டா, என் ஸீட்டுலதானே நீ போறே?'

நானும் சிரித்தேன். பதில் சொல்லவில்லை. 50 வருஷம் கடந்தும் சொல்லவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன்.

நண்பா, உனக்கு வலிக்கவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 17 வயசில் ஆசைப்பட்டது கிடைக்காமல் போனால் வலிக்கும். நீ தப்பு எதுவும் செய்யவில்லை. ஆனால் அந்த 11 மார்க்கை நான் பல தடவை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அதற்குள்ளே, அப்பா போன பிறகு தினம் சாயங்காலம் அம்மாவோடு உட்கார்ந்து நான் சுருட்டுக் கட்டிய 3 மணி நேரம் இருக்கிறது. உன் வீட்டுத் திண்ணையில் இங்கிலீஷ் பேப்பர் கிடக்கும். உன் சித்தப்பா சந்தேகம் தீர்ப்பார். எங்கள் வீட்டில் இங்கிலீஷ் தெரிந்தது சுருட்டுப் பெட்டி லேபிளுக்கு மட்டும்தான். இரண்டு பேரும் ஓடினோம், வாஸ்தவம். புறப்பட்ட இடம் ஒன்று இல்லை. நம் இரண்டு பேரையும் முட்டிக்கொள்ள வைத்தது, இவ்வளவு பெரிய மாநிலத்துக்கு ஒரே ஒரு கல்லூரி என்ற பஞ்சம். பஞ்சத்தில் சோறு பங்கிட்டால் யாராவது ஒருத்தன் பசியோடுதான் எழுந்திருப்பான். ஆனால் அதுவரைக்கும் தலைமுறை தலைமுறையாகப் பந்தியிலேயே உட்காராதவன் ஒருத்தன் அன்றைக்கு உட்கார்ந்தான். அந்த ஒருத்தன் நான்.

பி.டி.எஸ். முடித்தேன். ஒரு சீனியரிடம் 2 வருஷம் உதவியாளராக இருந்தேன். 1979-ல் ஸ்ரீரங்கத்தில் கிளினிக் வைக்க இடம் தேடினேன். ராஜகோபுரம் அப்போது மொட்டைக் கோபுரம்தான்; 1987-ல்தான் கும்பாபிஷேகம். என்னோடு வீடு வீடாக அலைந்தவன் இதே நண்பன்தான். ஒரு வீட்டில் எல்லாம் பேசி முடித்து, அட்வான்ஸ் எடுக்கும்போது அந்தப் பெரியவர் மெதுவாகக் கேட்டார்: 'தம்பி பூர்வீகம் எது? அப்பா என்ன பண்ணிண்டிருந்தார்?' சொன்னேன். உள்ளே போனார். திரும்பி வந்து, 'ஆத்துல ஒத்துக்கலை. எச்சில் துப்பற தொழில். கூடத்தை ஒட்டி வேண்டாம்னு பாக்கறா' என்றார். என் நண்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். வெளியே வந்ததும் 'வாடா, காபி சாப்பிடலாம்' என்று மட்டும் சொன்னான். அப்புறம் கடைவீதியில் ஒருத்தர், 'வாடகையை 5-ஆம் தேதிக்குள்ளே குடுத்துடுவியா?' என்று ஒரே கேள்வி கேட்டுச் சாவியைக் கொடுத்தார்.

அந்தப் பெரியவரை நான் திட்டவில்லை. அவர் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் என்னை விடவில்லை. எச்சில்.

நம் தமிழில் இந்தச் சொல்லுக்கு இருக்கிற பலம் வேறு பாஷையில் இருக்குமா தெரியாது. எச்சில் கை, எச்சில் இலை, எச்சில் பாத்திரம், எச்சில் பண்ணாதே. ஒரே ஊரில் டீக்கடையில் இரண்டு தம்ளர் வைத்ததும் இந்த எச்சிலை வைத்துத்தான். ஆனால் பல் மருத்துவம் என்பது என்ன? காலையிலிருந்து ராத்திரிவரை அடுத்தவன் எச்சிலுக்குள் கை வைப்பது. வேறே ஒன்றுமே இல்லை.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். டிகிரி வருவதற்கு முன்னாலே கிராமத்தில் பல் பிடுங்கியவர், கட்டி கீறியவர் யார்? முடி திருத்துகிற சமூகத்துப் பெரியவர். அவரை மருத்துவர், பண்டிதர் என்று கூப்பிட்டதும் உண்டு, வாசலிலேயே நிறுத்தி வைத்ததும் உண்டு. ஐரோப்பாவிலும் பல் பிடுங்கியது நாவிதர்கள்தான். 1948-ல் பல் மருத்துவர் சட்டம் வந்தபோது, படித்துப் பட்டம் வாங்கியவருக்கு 'ஏ' பகுதி, பட்டமில்லாமல் ஏற்கெனவே தொழில் செய்துகொண்டிருந்தவருக்கு 'பி' பகுதி என்று பதிவேட்டையே இரண்டாகப் பிரித்தார்கள். ஆக, எச்சில் தொழில் கேவலமாக இருந்தவரைக்கும் அது ஒரு ஜாதியின் தலையில் கிடந்தது. அதற்குப் பட்டமும் வெள்ளைக் கோட்டும் வந்ததும் 'தகுதி' என்ற பேச்சு வந்தது. தொழில் ஒன்றுதான். மாறியது மரியாதை.

இது நம் ஊர்க் கதை மட்டும் இல்லை. அமெரிக்காவில் நிறத்தை வைத்து இதே கதை. ஹார்வர்டு பல்கலைக்கழகம் 1867-ல் பல் மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1869-ல் வெளியே வந்த முதல் அணியில் ராபர்ட் டேனர் ஃப்ரீமன் என்ற கறுப்பர் ஒருவர் இருந்தார். அடிமைகளாக இருந்தவர்களின் மகன். அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் வாங்கிய முதல் கறுப்பர் அவர்தான். சரி, கதவு திறந்தாச்சு என்று நினைப்போம். இல்லை. பெரும்பாலான கல்லூரிகள் கதவைச் சாத்தியே வைத்திருந்தன. 1881-ல் ஹோவர்டு பல்கலைக்கழகத்திலும், 1886-ல் மெஹாரியிலும் பல் மருத்துவப் பள்ளி வந்தது. அப்புறம் பல பத்தாண்டுகளுக்கு அந்நாட்டுக் கறுப்புப் பல் டாக்டர்களில் பெரும்பாலோர் இந்த இரண்டு இடத்தில் படித்தவர்கள்தான்.

1990-களில் என் மகள் ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். டெலனி சகோதரிகள் என்று நூறு வயசு தாண்டிய இரண்டு கறுப்புப் பெண்மணிகளின் நினைவுகள். 1993-ல் வந்தது. அதில் இளையவர் பெஸ்ஸி, 1923-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பல் மருத்துவம் முடித்து, நியூயார்க் ஹார்லெமில் தொழில் செய்தவர். மாணவியாக இருந்தபோது அவர் செய்துகொடுத்த ஒரு வேலையை ஆசிரியர் ஃபெயில் போட்டார். கூடப் படித்த வெள்ளைக்காரப் பெண் ஒருத்தி, 'அதை என்கிட்டே குடு, நான் என்னுதுன்னு குடுத்துப் பார்க்கறேன்' என்றாள். கொடுத்தாள். பாஸ்.

இதைப் படித்துவிட்டு ராத்திரி வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன். அதே பல், அதே வேலை. கை மட்டும் வேறே. அந்த வெள்ளைக்காரப் பெண்ணை நினைத்தபோது ஜுவாலஜி நோட்டுக் கொடுத்த என் நண்பன் ஞாபகம் வந்தான். கதவைச் சாத்துகிறவர்கள் பக்கத்திலேயே கதவை ஒரு கையால் பிடித்துக்கொள்கிற ஒருத்தரும் எப்போதும் இருக்கிறார்.

இதுவரைக்கும் கேட்டால் நான் ஏதோ பாதிக்கப்பட்ட நல்லவன் மாதிரி இருக்கும். இங்கே நிறுத்தினால் நான் பொய்யன். நான் எழுந்து வந்ததே அடுத்த விஷயத்தைச் சொல்லத்தான்.

என் கிளினிக் நன்றாக ஓடியது. வீதிகளிலிருந்தெல்லாம் வந்தார்கள். என் அப்பா தொழிலைக் கேட்டுத் தயங்கியவர்களும் வந்தார்கள். ராத்திரி 2 மணிக்குப் பல் வலிக்கும்போது யாருக்கும் பூர்வீகம் ஞாபகம் வருவதில்லை. துப்புரவுத் தொழிலாளர் குடும்பங்களும் வந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? அவர்களுக்கென்று ஒரு நேரம் வைத்தேன். ராத்திரி எட்டரைக்கு மேலே. மற்றவர்கள் எல்லாம் போன பிறகு. யாரும் என்னைச் செய்யச் சொல்லவில்லை. போர்டு எழுதி மாட்டவில்லை. 'எட்டரைக்கு வாங்க, நிதானமாப் பார்க்கலாம்' என்று இனிமையாகச் சொல்வேன். அப்போதுதானே மற்றவர்கள் பக்கத்தில் உட்கார வேண்டியிருக்காது! கட்டணம் குறைத்துத்தான் வாங்கினேன். அதனாலே நான் தர்மவான் என்றுகூட நினைத்துக்கொண்டேன்.

1984-ல் ஒரு நாள் சாயங்காலம் 6 மணிக்கு ஒரு அம்மா வந்தார். துப்புரவு வேலை செய்பவர். முகத்தைச் சேலைத் தலைப்பால் மூடியிருந்தார். உள்ளே வெயிட்டிங் ரூம் நிறைய ஆட்கள். 'எட்டரைக்குப் பார்க்கலாம், வெளியே உட்காருங்கம்மா' என்று என் உதவியாளர் சொன்னார். நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் அவர் சொன்னார். அந்த அம்மா வெளியே படியில் உட்கார்ந்தார். எட்டரை மணிக்கு உள்ளே வந்து தலைப்பை எடுத்தபோது எனக்குக் கை நடுங்கிவிட்டது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் பிடித்த சீழ் தாடைக்கு அடியில் இரண்டு பக்கமும் இறங்கி, கழுத்து வீங்கி, நாக்கு மேலே தூக்கி நிற்கிறது. வாயை மூட முடியவில்லை. இதை லுட்விக் ஆஞ்ஜைனா என்று படித்திருக்கிறோம். வீக்கம் மூச்சுக்குழாயை அடைத்தால் ஆள் போய்விடும். பாடப் புத்தகத்திலேயே 'ஒரு நிமிஷம் தாமதிக்காதே' என்று இருக்கிற நோய். என் வாசல் படியில் இரண்டரை மணி நேரம் உட்கார்ந்திருந்தது.

ஆட்டோவில் ஏற்றிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். காவிரிப் பாலத்தைத் தாண்டும்போது அந்த அம்மா மூச்சு இழுக்கிற சத்தத்தை எண்ணிக்கொண்டே போனேன். பிழைத்துவிட்டார். 12 நாள் கழித்து வீட்டுக்கு வந்தார்.

கதை அங்கே முடியவில்லை. கொஞ்ச நாள் கழித்துத் தையல் போட்ட இடத்தைக் காட்ட வந்தார். சாயங்காலம் சீக்கிரமே வந்துவிட்டார். வெயிட்டிங் ரூமில் ஒரே ஒருத்தர்தான் இருந்தார். நாற்காலி எல்லாம் காலி. அந்த அம்மா உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, யாரும் சொல்லாமலே, வெளியே போய் அதே படியில் உட்கார்ந்தார். 'உள்ளே வாங்கம்மா' என்றேன். 'இருக்கட்டும் டாக்டரய்யா, இன்னும் எட்டரை ஆவலையே' என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னார். அதுதான் குத்தியது.

கூடத்தை ஒட்டி வேண்டாம் என்று சொன்ன பெரியவருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? அவர் முகத்துக்கு நேரே சொன்னார். நான் கடிகாரத்தை வைத்துச் சொன்னேன்.

மறுநாள் பித்தளையில் டோக்கன் அடிக்கச் சொன்னேன். 1 முதல் 40 வரை. யார் முதலில் வந்தார்களோ அவர்களுக்கு முதல் டோக்கன். வீக்கமோ ரத்தமோ இருந்தால் அவர் எல்லாருக்கும் முன்னால். கொஞ்சப் பேர் வருவதை நிறுத்தினார்கள். நான் எண்ணிப் பார்த்ததில் 7 குடும்பம். அதில் 3 குடும்பம் பல் வலித்ததும் திரும்பி வந்தது. அவ்வளவுதான் விலை. இவ்வளவு சொற்ப விலைக்குப் பயந்துதானா அந்த அம்மாவின் உயிரைப் பணயம் வைத்தேன் என்று இன்றைக்கும் வெட்கப்படுகிறேன். என் 31 சதவீதத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அந்தப் படியையும் சேர்த்தே பேச வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

இப்போது நிலைமை என்ன? 1980-ல் பிற்படுத்தப்பட்டோர் பங்கு 50 சதவீதம் ஆயிற்று. 1989-ல் அதிலிருந்து 20 சதவீதம் மிகவும் பிற்படுத்தப்பட்டோருக்குப் பிரிக்கப்பட்டது. பழங்குடியினருக்கு 1 சதவீதம் தனியாக வந்தபின் மொத்தம் 69. மண்டல் வழக்கில் 1992-ல் சுப்ரீம் கோர்ட் 50-க்கு மேல் கூடாது என்றபோது, தமிழ்நாடு தனிச் சட்டம் போட்டு, 1994-ல் 76-வது திருத்தத்தின் மூலம் அதை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்தது. 2009-ல் அருந்ததியருக்கு 3 சதவீதம் உள் ஒதுக்கீடு. என் வாசல் படியில் உட்கார்ந்தவர்களைப் போன்றவர்களின் பேரப் பிள்ளைகளுக்காக வந்த கதவு அது.

வாசலும் மாறிக்கொண்டே இருந்தது. 1984-ல் நுழைவுத் தேர்வு வந்தது. 2007 சேர்க்கையிலிருந்து போயிற்று. 2017-ல் நீட் வந்தது. அந்த வருஷம் செப்டம்பரில், பக்கத்து அரியலூர் மாவட்டம் குழுமூர் மாணவி அனிதாவை இழந்தோம். பிளஸ் டூவில் 1200-க்கு 1176. அவர் தந்தை நம் காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். நீட் வேண்டும், வேண்டாம் என்று இந்த ஹாலிலேயே இரண்டு கட்சி இருக்கும். அந்தச் சண்டையை டிபன் நேரத்துக்கு விட்டுவிடுகிறேன். 2020-ல் அரசுப் பள்ளியில் 6-ஆம் வகுப்பு முதல் படித்தவர்களுக்கு மருத்துவம், பல் மருத்துவம் முதலிய படிப்புகளில் 7.5 சதவீதம் உள் ஒதுக்கீட்டுச் சட்டம் வந்தது. 2023-ல் நம் பக்கத்தில் புதுக்கோட்டையில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரியும் வந்துவிட்டது. முத்துலட்சுமி ரெட்டி பிறந்த ஊர். பொருத்தமான இடம்தான்.

இப்போது இந்தியாவில் பல் மருத்துவக் கல்லூரிகள் 300-க்கு மேல். பெரும்பாலும் தனியார். அப்படியானால் வாய் நோய் குறைய வேண்டுமே? டாக்டர் பெருகியது ஊருக்குள்ளே. சொத்தை இருப்பது ஊருக்கு வெளியிலும்தான். சர்க்கரையைக் கிருமி தின்று அமிலமாக்கி எனாமலை அரிக்கிறது. அந்தக் கிருமிக்கு ஜாதி தெரியாது. ஆனால் சொத்தை சின்னதாக இருக்கும்போது அடைப்பதா, பெரிசானதும் பிடுங்குவதா என்று தீர்மானிப்பது ஒரு நாள் கூலி. வேர் சிகிச்சைக்கு 3 தடவை வர வேண்டும் என்றால் 3 நாள் கூலி போச்சு. 'பிடுங்கிடுங்கய்யா' என்பார்கள். வாயைத் திறந்து எத்தனை பல் இல்லை என்று எண்ணினாலே அந்த வீட்டுக் கணக்குப் புத்தகத்தைப் படித்த மாதிரி. தர்மபுரி, சேலம் பக்கம் போனால் கிணற்றுத் தண்ணீரில் ஃப்ளோரைடு; குழந்தைகள் பல்லில் பழுப்புக் கறை. காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்த நாம் புண்ணியம் செய்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2022-ல் சொன்ன கணக்குப்படி உலகத்தில் சுமார் 350 கோடிப் பேருக்கு ஏதாவது வாய் நோய் இருக்கிறது. அமெரிக்காவிலும் 2000-ல் தலைமை மருத்துவ அதிகாரியின் அறிக்கை, ஏழைகளும் சிறுபான்மை இனத்தவரும்தான் இதை அதிகம் சுமக்கிறார்கள் என்றது. நம் ஊரில் புதிதாக யாரும் அறிக்கை எழுத வேண்டாம். துப்புரவுக் காலனியில் ஒரு காலை நேரம் டார்ச் லைட்டோடு நின்றால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் அணியின் நினைவாகக் கல்லூரி வாசலில் ஒரு வளைவு கட்டலாம் என்று நிர்வாகக் குழு யோசிப்பதாகக் கேள்விப்பட்டேன். நல்ல எண்ணம்தான். ஆனால் வாசலுக்கு அலங்காரம் பண்ணுவதைவிட, வாசலுக்கு வெளியே படியில் உட்கார்ந்திருக்கிறவரை உள்ளே கூப்பிடுவது நல்லது என்று என் அனுபவம் சொல்கிறது. அந்தப் பணத்தில் ஒரு நிதி வைப்போம். திருச்சி மாவட்ட அரசுப் பள்ளியில் படித்து, பல் மருத்துவம் சேர்கிற பிள்ளைகளில் வருஷத்துக்கு இரண்டு பேர். கட்டணம் போக மீதி எத்தனையோ செலவு இருக்கிறது: கருவிப் பெட்டி, மெழுகு, செயற்கைப் பல் தாடை, புத்தகம், ஊருக்குப் போய்வரும் காசு. எனக்கு ஒரு நண்பனின் நோட்டு இருந்தது. அந்தப் பிள்ளைகளுக்கு நாம் இருப்போம். என் பங்காக என் பழைய கிளினிக் நாற்காலியை விற்ற பணத்தைப் பொருளாளரிடம் இன்று காலையே கொடுத்துவிட்டேன். ரசீதும் வாங்கிவிட்டேன், நம் பொருளாளரை எனக்கு 50 வருஷமாகத் தெரியும்!

இப்போது தலைப்புக்கான 2 நிமிஷம். ராத்திரி பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போடுங்கள். வாயில் வைத்துத் தூங்காதீர்கள். வெந்நீரில் போடாதீர்கள், வளைந்துவிடும். புகையிலை எந்த ரூபத்தில் இருந்தாலும் விடுங்கள், வெற்றிலைக்குள் ஒளிந்திருந்தாலும் விடுங்கள். வாயில் ஒரு புண்ணோ, வெள்ளைத் தடிப்போ 2 வாரத்துக்கு மேல் ஆறாவிட்டால், வலிக்காவிட்டாலும் டாக்டரிடம் காட்டுங்கள். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவரையும், தெருக் கூட்டுகிறவரையும் ஒரு தடவை 'ஆ' காட்டச் சொல்லிக் கேளுங்கள். என் அப்பாவை யாரும் கேட்கவில்லை.

முன் வரிசை நண்பா, உன் நோட்டு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. திருப்பித் தரப் போவதில்லை. அடுத்த வருஷம் புதுக்கோட்டையில் சேருகிற பிள்ளைக்கு, நாம் இரண்டு பேரும் சேர்ந்து போய் அதைக் கொடுப்போம். வருகிறாயா?